இரண்டாவது எர்த்து

நீலக் கம்பியைக் கழற்றி, முனைக்கு டேப்பும் சுற்றி ஓரமாகத் தள்ளிவைத்த பிறகும் அந்தச் சத்தம் வந்தது.

“டப்.”

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையைத் தோளிலிருந்து தரைக்கு இறக்கும்போது வருமே, அந்த அளவுக்குத்தான். ராஜாராம் சாவியைத் திருப்பிய கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பொருத்தியிருந்த சின்னத் திரை வெளிச்சமாகி, அதில் ஒரு மஞ்சள் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஸ்பீக்கர் நான்கும் ஊமையாக இருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் பின் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நீலக் கம்பி வழியாகத் தகவல் வந்தால்தான் அது கண் விழிக்கும். கம்பி இல்லையென்றால் அது வெறும் இரும்புப் பெட்டி. இரும்புப் பெட்டி சத்தம் போடாது.

ஆனால் சத்தம் வந்தது. பின்னாலிருந்துதான் வந்தது.

வண்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இந்தத் தடவை ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. வழி இல்லாமல் கரண்ட் வராது. முப்பது வருஷமாக அவர் சோறு தின்றது இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். வீட்டு வயரிங், கிணற்று மோட்டார், போர்வெல் என்று வல்லத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் அவர் கை படாத சுவிட்ச் போர்டு குறைவு. எங்கேயோ ஒரு கம்பி உரசுகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாரே தவிர, திரும்பிப் பின் சீட்டைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. ஐப்பசித் தூறல் காலையிலிருந்து விட்டபாடில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டின் தகரக் கூரையில் அது சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருந்தது. தகரத்தின் ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மண்ணில் வரிசையாகக் குழி பறித்திருந்தது. ஈர மண், பழைய டீசல், எலிப்புழுக்கை எல்லாம் கலந்த ஷெட் வாடை கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. ஷெட்டுக்குக் கதவு கிடையாது. மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய வண்டியின் பின் கண்ணாடியில், யாரோ அள்ளிக் கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி பாறைகள் குவிந்த மலை, மழையில் கறுத்து நின்றது.

அந்தச் சத்தத்தோடு அவருக்கு ஒரு வருஷத்துப் பகை இருந்தது.

மகள் சுவாதி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவள். பழைய காரை அவர் வாங்கி வந்த மாதமே, அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைப் பொருத்தினாள். பாட்டு, வழி காட்டும் படம், பின்னால் வருவதைக் காட்டும் கேமரா எல்லாம் அதில். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று, என்ஜின் ஓடினால்தான் கம்ப்யூட்டரும் எழும்படி வைத்தாள். எழுந்ததும் அது அவள் குரலில் ஒரு நிமிஷம் பேசும். கடைசியாக எதைப் பதிந்தாளோ அதுதான் அடுத்த முறை வரும். தினமும் சாயங்காலம் ஷெட்டில் உட்கார்ந்து மறுநாளுக்குப் புதிதாக ஒன்று பதிவாள். ஒரு நாள் கிண்டல், ஒரு நாள் அதட்டல், ஒரு நாள் மளிகைச் சாமான் பட்டியல்.

போன ஐப்பசியில் ஒரு நாள் அவர் மேல்சித்தாமூரில் மோட்டார் மாட்டிவிட்டு, கரண்ட்டுக்குக் காத்திருந்து, மொபெட்டில் வீடு திரும்ப மணி ஏழாகிவிட்டது. ஷெட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் சுவாதி கண்ணாடியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைப் பழுதாக்கிவிட்டிருந்தது, அது என்றைக்காவது இப்படிச் செய்யும் என்று டாக்டர் சொன்னார். வயது இருபத்தொன்று. தாய் ரஞ்சிதம் அதற்கு முன்பே போயிருந்தாள். ஆக வீட்டில் மிஞ்சியது ராஜாராமும், பேச்சுத்துணைக்கென்று காலையிலிருந்து ராத்திரி வரை அணைக்காமல் ஓடவிட்ட டி.வி.யும்.

அந்தக் கடைசிப் பதிவுதான் இன்னும் வண்டியில் இருந்தது. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் டப்பென்று ஒரு அடி. அதன் பின்னாலேயே கொசு காதுக்குள் புகுந்தது போல ஒரு கொய்ங், என்ஜின் வேகத்துக்குத் தக்க ஏறி இறங்கும். அதற்கடியில் நசுங்கிக்கொண்டு அவள் குரல்.

“...பெல்ட் போட்டுக்கோ. மெதுவா போ. சாய்ங்காலம் சீக்கிரம் வந்துடு.”

அவள் எதைப் பேசினாலும் ‘நைனா’ என்றுதான் ஆரம்பிப்பாள். பசித்தாலும் நைனா, கோபம் வந்தாலும் நைனா. அந்த முதல் வார்த்தையைத்தான் டப் விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் இருந்தபோது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட ஒரு ஜீவன் இல்லை. அந்த ஒரு வார்த்தை அந்த வண்டிக்குள் எங்கேயோ இருந்தது. கம்ப்யூட்டருக்கு அவள் போட்ட பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. திண்டிவனத்தில் ஒருவர், திறக்கப் போனால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்தாலும் அழிந்துவிடும் என்று சொன்னதும், பெட்டியைப் பிடுங்காத குறையாகத் திரும்பி வந்துவிட்டார். அந்தக் குரலைக் கேட்க அந்த ஸ்பீக்கரைத் தவிர வேறு வழியில்லை. சத்தத்தைத்தான் எடுக்க வேண்டும்.

காரை அப்படியே விட்டுவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு தங்கராஜின் கடைக்குப் போனார். திருவண்ணாமலை ரோட்டில் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடை அது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்.

“இன்னாண்ணா, ஞாயித்துக்கெழமகூட நனஞ்சிகினு வந்திருக்குற?”

“அந்த டப்பும் கொய்ங்கும் போவணும் தங்கராஜு. எவ்ளோ வேல ஆனாலும் பரவால்ல.”

“ஆம்ப்புக்கு எர்த்து எங்க குடுத்துருக்குது?”

“ரெண்டு எடத்துல. ஒண்ணு பாப்பா குடுத்தது, முன்னாடி. இன்னொண்ணு நான் குடுத்தன், பின் சீட்டாண்ட.”

தங்கராஜ் சிரித்துவிட்டான். “வயர்மேன் புத்தி போவுமா! வூட்டு மோட்டாருக்குத்தாண்ணா ரெண்டு எர்த்து. வண்டிக்கு அதோட பாடியே எர்த்து. ரெண்டு எடத்துல புடிச்சா, இதுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் சுத்திகினே கெடக்கும். அதான் கொய்ங்குனு கேக்குது. உன்னோடத புடுங்கிப் போடு. ஒரே போல்ட்டு, பெயிண்ட்ட நல்லா சொரண்டிட்டு முறுக்கு.”

வயர்மேன்களுக்கென்று ஒரு திமிர் உண்டு, ராஜாராமுக்குச் சற்று அதிகமாகவே உண்டு. ‘நைனா, ஒண்ணு போதும் நைனா’ என்று சுவாதி தலையிலடித்துக்கொண்டாள். மோட்டாருக்கே ரெண்டு எர்த்து சட்டம், இவ்வளவு ஒசந்த சாமானுக்கு ஒன்று போதுமா என்று, அவள் இல்லாத நேரம் பார்த்து இரண்டாவதை முறுக்கியவர் அவர்தான். ஒரு வருஷமாகத் தன் மகளின் குரலைத் தானே அமுக்கி வைத்திருக்கிறோம் என்று நினைக்கையில் நெஞ்சு வலித்தது.

தங்கராஜ் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலேயை எடுத்து வைத்தான். “இது டப்புக்கு. கம்ப்யூட்டர் முழிக்கறப்ப ஒரு குதி குதிக்கும். ஆம்ப் அதுக்கு மின்னாடியே முழிச்சிருக்கறதால அதப் பெருசாக்கி வுடுது. நீலக் கம்பில இத மாட்டு. நாலு நொடி கழிச்சித்தான் ஆம்ப் எழும். குதி முடிஞ்சிருக்கும்.”

“நீலக் கம்பிய கழட்டிட்டும் பாத்தன். அப்பவும் டப்புனுச்சி.”

“ஸ்பீக்கர்லயா?”

“பின்னாடி.”

தங்கராஜ் ரிலேயைக் காகிதத்தில் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். “கம்பி இல்லாம ஆம்ப் பேசாதுண்ணா. அப்ப அது வேற ஏதோ. டிக்கில எதுனா உருளுது பாரு.”

திரும்பி வந்தபோது நாலரை. தூறல் வலுத்திருந்தது. டிக்கியைத் திறந்து பார்த்தார். ஸ்டெப்னியும் ஒரு கோணிப்பையும் இருந்தன. உருளுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆம்ப்பை எட்ட வேண்டுமென்றால் பின் சீட்டின் மெத்தையைத் தூக்க வேண்டும். வலது பின் கதவைத் திறந்து, முழங்காலை உள்ளே வைத்துக் குனிந்தார். இடது பக்க பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்து பெல்ட் போடும் ஆட்கள் அவர் வண்டியில் ஏறியதில்லை. பின்னால் உட்காரவே ஆளில்லை. எப்போதோ மெத்தையைத் துடைத்தபோது தானே மாட்டியிருப்போம் என்று எண்ணிப் பட்டனை அமுக்கினார். பெல்ட் சரசரவென்று உள்ளே போகவில்லை. மெதுவாகப் போனது, ஏதோ ஒன்றின் மேல் உரசிக்கொண்டு போவது போல.

மெத்தையைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. பழைய கிணற்றுக்குள் மோட்டார் இறக்கும்போது, பாதி ஆழத்துக்குக் கீழே மூக்கில் ஏறும் பாருங்கள், வெயில் படாத பாசியும் ஊறிய கல்லும் செத்த தவளையும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாடை, அதுதான். காருக்குள் அது எப்படி வந்தது என்று யோசித்தார். தகரம் ஒழுகியிருக்கும். கையை வைத்துப் பார்த்தார். அடியில் காய்ந்துதான் இருந்தது. மெத்தையின் இடது பக்கம் மட்டும் லேசாகக் குழிந்து, சில்லென்று இருந்தது.

வேலையில் இறங்கிவிட்டால் ராஜாராமுக்கு வேறு நினைப்பு வராது. அது ஒரு வரம். தன் கையால் முறுக்கிய இரண்டாவது எர்த்தைக் கழற்றி எறிந்தார். முன்னால் கம்ப்யூட்டரின் எர்த்து எந்த போல்ட்டில் இருந்ததோ அதே போல்ட்டுக்கு ஆம்ப்பின் கம்பியையும் இழுத்து வந்து, உப்புத்தாளால் பெயிண்ட் போக வெள்ளையாகத் தேய்த்து முறுக்கினார். பவர் கம்பியை இடது ஓரமும் குரல் வரும் கம்பியை வலது ஓரமுமாகப் பிரித்தார். நீலக் கம்பியில் ரிலேயை மாட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் வண்டி ஒரு தடவை லேசாக அமுங்கி எழுந்தது. தான் அசைந்ததில்தான் என்று விட்டுவிட்டார்.

“அண்ணா!”

தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு மீனம்பாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சொம்பும் இரண்டு டம்ளருமாக ஷெட் வாசலில் நின்றாள்.

“டீ போட்டன். யார்ணா வந்திருக்கறது?”

“யாரும் இல்லியே.”

“இல்லியா? மத்தியானத்துலருந்து ரெண்டு மூணு தபா கார் கதவு தொம்முனு சாத்தற சத்தம் கேட்டுது. சொந்தக்காரங்க யாரோ வந்திருக்காங்கன்னு ரெண்டு டம்ளரா கொண்டாந்தன்.” அவள் காருக்குள் ஒரு பார்வை பார்த்தாள். “சாப்டியாண்ணா நீ? மூஞ்சே சரியில்ல.”

“சாப்டன்மா.”

சாப்பிடவில்லை. அவள் போன பிறகு ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தார். இன்னொரு டம்ளர் கருவிப் பெட்டியின் மேல் கவிழ்த்தபடி இருந்தது. அதைப் பார்க்க ஏனோ பிடிக்கவில்லை. அவர் மத்தியானத்திலிருந்து திறந்ததும் மூடியதும் முன் கதவையும் வலது பின் கதவையும்தான். அவை இரண்டும் தகரடப்பா மாதிரி சத்தம் போடும். கவிழ்ந்த டம்ளர் மேல் பழந்துணி ஒன்றைப் போட்டு மூடினார்.

ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வடிந்துவிட்டது. மலை முழுக்க ஒரே கறுப்பாகிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடிகள் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, சட்டையில் கையைத் துடைத்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு ஆசை இருந்ததில்லை. சாவியைத் திருப்பினார்.

என்ஜின் எழுந்தது. திரை எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டப் இல்லை. கொய்ங் இல்லை. ஸ்பீக்கர்கள் கிணற்றுத் தண்ணீர் போல அமைதியாக இருந்தன. அந்த அமைதிக்கு நடுவில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல, எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்படி, சுவாதி பேசினாள்.

“பெல்ட் போட்டுக்கோ. மெதுவா போ. சாய்ங்காலம் சீக்கிரம் வந்துடு.”

அவ்வளவுதான்.

முன்னால் ஒன்றும் இல்லை. ‘நைனா’ இல்லை. டப் எதையும் விழுங்கியிருக்கவில்லை. அன்றைக்கு அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஒரு வருஷமாக அவர் காத்திருந்தது அங்கே இருந்ததே இல்லை. ராஜாராம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். இத்தனை பெரிய உலகத்தில் இப்படி ஒரு அநாதையாக ஒருவன் உட்கார்ந்திருக்க முடியுமா என்று இருந்தது.

அப்போதுதான் ஒரு வளையல் சத்தம் கேட்டது.

தலையைத் தூக்கினார். திரையில், பதிவு எதுவரை ஓடியிருக்கிறது என்று காட்டும் மஞ்சள் கோடு இன்னும் நிற்கவில்லை, பாதிகூடத் தாண்டவில்லை. வழக்கமாக இந்நேரத்துக்கு அவர் ரிவர்ஸ் கியர் போட்டிருப்பார். கேமராப் படம் வந்து கோட்டை மறைத்துவிடும். கொய்ங் மீதியை மறைத்துவிடும். ஒரு நிமிஷம் பதிகிற இயந்திரம் அந்த ஒரு நிமிஷம் முழுவதும் பதிந்திருக்கிறது. அவள் பேசி முடித்த பிறகும். ராஜாராம் ஒலியைக் கூட்டினார். அவள் மூச்சு விடுவது கேட்டது. வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொள்வது கேட்டது. எங்கேயோ தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். காக்கை. வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். உயிரோடு இருந்தாள். இதோ, இந்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“டப்,” என்றது பதிவு. பிறகு, முகத்தைத் திருப்பிக் கேட்பது போல, கொஞ்சம் எட்டி, கொஞ்சம் சிரித்து:

“நைனா? வந்துட்டியா?”

ராஜாராம் வாய்விட்டு அழுதார். வண்டியை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். கிடைத்துவிட்டது. முன்னால் தேடியது பின்னால் இருந்திருக்கிறது. “வந்துட்டம்மா,” என்று வெறும் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னார். “வந்துட்டன் கண்ணு.”

மறுபடி சாவியைத் திருப்பினார். முழுவதும் கேட்டார். வளையல், ஹாரன், காக்கை, டப். நைனா? வந்துட்டியா? உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நெஞ்சில் பிடித்துக்கொண்டு, மீதியைக் கேட்காமல் அணைத்தார்.

மூன்றாவது தடவை அணைக்கவில்லை. கண் காய்ந்திருந்தது. காது வேலை செய்தது. வயர்மேன் காது, மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் காது. அந்த டப் ஆம்ப் போட்ட சத்தமில்லை. அவருக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வண்டியின் இடது பின் கதவு ஒரே இழுப்பில் சாத்தாது. அடித்துச் சாத்த வேண்டும். சாத்தினால் மூட்டை இறக்கினது மாதிரி விழும்.

யாரோ பின்னால் ஏறி, கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

நைனா? வந்துட்டியா?

வரவில்லை. அவர் அந்நேரம் மேல்சித்தாமூரில் கரண்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

கோடு ஊர்ந்தது. பதிவில், சீட்டு ஒன்று முனகியது. அவள் குரல் மறுபடி வந்தது. இன்னும் சிரிப்பு இருந்தது அதில்.

“இன்னா நைனா, பின்னாடி போயி ஒக்காந்துகினே?”

பதில் இல்லை.

“நைனா?”

சிரிப்பு இல்லை.

சர்ரென்று பெல்ட் இழுபடும் சத்தம். நிதானமாக. கிளிக்.

அவள் மூச்சு ஒரு தடவை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

கோடு திரையின் வலது ஓரத்தைத் தொட்டு நின்றது.

ராஜாராமுக்கு அன்றைய ராத்திரி முழுசாக ஞாபகம் வந்தது. அவர் போட்ட கூச்சலில் மீனம்பாள் ஓடி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக சுவாதியைப் பின் சீட்டில் கிடத்தப் போனது. இடது பக்கம் பெல்ட் மாட்டியிருந்தது. அதைக் கழற்ற முடியாமல் கை தடுமாறியது. இதை யார் மாட்டியது என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. மகள் கையில் கிடக்கும்போது எவன் யோசிப்பான்? அதே பின் சீட்டுக்கு ஒரு வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஊரெல்லாம் வண்டி ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு காலையும் டப் கேட்டு, ஆம்ப்பைத் திட்டிக்கொண்டு.

சாவியைத் திருப்பி உருவினார். என்ஜின் அடங்கியது. திரை செத்தது. மழை எப்போதோ நின்றிருந்தது. தகர ஓரத்தில் சொட்டுவதும் நின்றிருந்தது. காலுக்கடியில் இருந்த ஃபியூஸைப் பிடுங்கினார். ஆம்ப்புக்கு இனி உயிர் இல்லை. கம்ப்யூட்டருக்கும் இல்லை. வண்டியில் இனி எதுவும் பேச முடியாது. வழி இல்லாமல் கரண்ட் வராது.

இறங்கிவிட வேண்டும். இறங்கி மீனம்பாள் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். நாளைக்கே இந்த வண்டியை.

கை கதவுப் பிடியில் இருந்தது.

“டப்.”

வண்டி இடப்பக்கமாகப் பின்னால் அமுங்கியது. எழவில்லை.

கிணற்று வாடை.

அசையவில்லை அவர். மூச்சுகூட விடவில்லை. ஃபியூஸ் உள்ளங்கையில் குத்தியது. அது இங்கே, கையில். சாவி மடியில். ஸ்பீக்கர் கதவில். குரல் கதவிலிருந்து வரவில்லை. பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அதே இழுப்பு. அதே நிறுத்தம். எச்சில் விழுங்குவது உட்பட அதே.

“நைனா? வந்துட்டியா?”

சுவாதி இல்லை. அவருக்குத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாதா? அவள் வாயிலிருந்து அது கற்றுக்கொண்டது. அவளிடமிருந்து அதற்குக் கிடைத்தது அந்த நாலைந்து வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக ஏறி உட்கார்ந்து, அவர் சத்தத்தையெல்லாம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறது.

கதவைத் திறக்கலாம். பிடியில்தான் கை இருந்தது. ஒரு இழுப்பு.

“நைனா.”

ஒரு வருஷமாக யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை.

“பெல்ட் போட்டுக்கோ.”

கை பிடியை விட்டது. மேலே போனது. பெல்ட்டை இழுத்தது. அவர் கைதான், அவர் சொல்லித்தான் இழுத்தது. கிளிக். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. மெல்ல, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

பின் சீட்டில் யாருமில்லை. பின் கண்ணாடிக்கு வெளியே மலை கறுப்பாக இருந்தது. இடது பக்க பெல்ட் தானாக வெளியே வந்தது. நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே வந்தது. கிளிக். சீட்டோடு அது படியவில்லை. நாலு விரற்கடை எட்டி, காற்றில் விறைத்து நின்றது. மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது.